மகள் சிரிக்கும் வீடு

காலாண்டு விடுமுறையில் ஹவாய்த் தீவுகளைப் பற்றிய ஒரு நூலைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பசிபிக் பெருங்கடலின் நடுவே, எந்தக் கண்டத்திற்கும் எட்டாத தொலைவில் இருக்கும் தீவுக்கூட்டம் அது. 1959ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஐம்பதாவது மாநிலமாயிற்று. எரிமலைகளையும் கடல் அலைகளையும் பற்றிப் படிக்கலாம் என்றுதான் நூலைத் திறந்தேன். ஆனால் என் மனத்தில் நின்றவை அங்குள்ள குடும்பங்களே. பாட்டியின் மடியில் வளரும் பேத்தி, பூக்கோக்கப் பழகும் சிறுமி, ஒரே பாத்திரத்தைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வீட்டார் என்று பக்கத்துக்குப் பக்கம் நம் காரிமங்கலத்துத் தெருவைப் பார்ப்பது போலவே இருந்தது.

சின்னஞ்சிறு பெண் பிள்ளைகள் உள்ள வீட்டின் அன்றாட இன்பங்கள் எவை? அவற்றை நம் முன்னோர் எப்படிப் போற்றினர்? நம் தர்மபுரி மாவட்டம் அந்த இன்பத்தை எப்படி இழந்தது, எப்படி மீட்டு வருகிறது? இவற்றை என்னால் இயன்றவரை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

தகடூரில் கேட்ட மழலை

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர் என்பதைத் தோழியர் அனைவரும் அறிவோம். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். நெடுநாள் வாழவைக்கும் கனியை மன்னன் ஒருவன் ஒரு பெண்பாற் புலவருக்கு ஈந்த மண் இது. நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

அதே ஔவையார் அதியமானை நோக்கிப் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 92ஆம் பாடலாக உள்ளது. மழலைப் பேச்சுக்கு யாழின் இனிமை கிடையாது, தாளக்கட்டும் கிடையாது, என்ன சொல்கிறது என்றும் விளங்காது. ஆயினும் அதைக் கேட்ட தந்தையின் நெஞ்சு உருகிவிடுகிறது. என் சொற்களையும் நீ அப்படித்தான் ஏற்றுக்கொள்கிறாய் என்பது அப்பாட்டின் கருத்து. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் பகுதி மன்னனுக்குச் சொல்லப்பட்ட உவமை, தந்தை மழலை கேட்கும் இன்பம்! திருவள்ளுவரும் 'மக்கட்பேறு' என்னும் ஏழாம் அதிகாரத்தில், தன் குழந்தையின் சின்னக் கை பட்டுக் குழம்பிய கூழை அமுதத்திற்கும் மேலாக வைத்தார். பெரிய விருந்தைப் பற்றி அவர் பேசவில்லை. கூழைப் பற்றித்தான் பேசினார். ஏழை வீட்டுக்கும் இந்த இன்பம் உண்டு என்பது அதனால் விளங்குகிறது.

பிள்ளைத்தமிழில் பெண் குழந்தை

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண், பெண் இருபாலார்க்கும் பொது. தலையை நிமிர்த்தி ஆடுவது, தாலாட்டுக் கேட்பது, கை கொட்டுவது, முத்தம் தருவது, தளர்நடை நடந்து வருவது, நிலாவை அழைப்பது என்று ஒவ்வொன்றும் தாய் கண்டு மகிழும் ஒரு காட்சியாகும். அதன்பின் ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்ற மூன்று வரும். பெண் குழந்தைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்ற மூன்று வரும். கழங்குக்குப் பதிலாக நீராடல் கூறுவதும் உண்டு.

17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையையே சிறு பெண்ணாகப் பாவித்துப் பிள்ளைத்தமிழ் பாடினார். உலகை ஆளும் அன்னையைத் தம் வீட்டுக் குழந்தையாக நினைத்துக் கொஞ்சிய மொழி நம் மொழி. கழங்கு என்பது நாம் உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஆடும் ஐந்தாங்கல்லின் மூத்த உறவுதான். ஊசல் என்பது ஊஞ்சல். ஆகவே நாம் ஆடும் ஆட்டங்களைச் சாதாரணமாக எண்ண வேண்டாம், தோழியரே! அவற்றுக்கு இலக்கியத்தில் இடம் உண்டு.

நம் ஊரில் ஒரு நாள்

இனி இலக்கியத்தை விட்டு வீட்டுக்கு வருவோம். என் கடைசித் தங்கைக்கு நான்கு வயது. விடியற்காலையில் அம்மா வாசல் தெளிக்கும்போதே அவளும் எழுந்து வந்துவிடுவாள். அம்மா புள்ளி வைத்துக் கோலம் போட்டால், அவள் ஒரு பிடி மாவை அள்ளிக் கோலத்தின் நடுவில் கொட்டி, "நானும் போட்டேன்" என்பாள். அதன்பின் தலை பின்னும் படலம். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் படியில் உட்காருவோம். ஆயா பெரியவளான எனக்கும், நான் நடுத் தங்கைக்கும், அவள் கடைக்குட்டிக்கும் பின்னுவோம். கடைக்குட்டி தன் பொம்மைக்குப் பின்னுவாள்.

மதியத்தில் ராகிக் களியும் கீரைக் கடைசலும். களியை உருட்டிக் குழி செய்து கடைசலை ஊற்றிக்கொள்ள அவளுக்குத் தெரியாது. முகமெல்லாம் பூசிக்கொள்வாள். வள்ளுவர் கூழ் என்றது எங்கள் வீட்டில் களி! மாலையில் புளியங்கொட்டையைப் பரப்பிப் பல்லாங்குழி. மருதாணி அரைத்த இரவுகளில் ஐந்து விரலுக்கும் தொப்பி வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பாள். காலையில் யார் கை அதிகம் சிவந்தது என்று பெரிய வழக்கே நடக்கும். தீர்ப்புச் சொல்பவர் ஆயா.

நம் பகுதித் தந்தையர் பலர் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கின்றனர். என் தந்தையும் அவ்வாறே. வாரக் கடைசியில் பேருந்தைவிட்டு இறங்கி வரும் தந்தையின் சட்டைப் பையை முதலில் சோதனை போடுவது கடைக்குட்டியின் உரிமை. பையில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய்தான் இருக்கும். ஆனால் வாரம் முழுவதும் கட்டடத்தில் வெயிலில் நின்ற களைப்பு அந்த ஒரு நிமிடத்தில் அவர் முகத்தைவிட்டுப் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கடல் நடுவே ஒரு குடும்பம்

ஹவாய் மொழியில் குடும்பத்திற்கு 'ஓஹானா' என்று பெயர். தாய்ச்செடியின் அடியில் கிளைக்கும் சேம்பின் பக்கக் கன்றுக்கு அவர்கள் 'ஓஹா' என்பர். அச்சொல்லிலிருந்தே குடும்பம் என்ற சொல் வந்தது. நாம் 'வாழையடி வாழை' என்று வாழ்த்துவதும் இதே எண்ணம் அன்றோ! அவர்கள் சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துப் பிசைந்து உண்கின்றனர். அது நம் களிக்கு உறவான உணவு எனலாம்.

முதல் பேரக் குழந்தையைப் பாட்டன் பாட்டியிடம் வளரக் கொடுப்பது அவர்களின் பழைய வழக்கம். தலைச்சன் ஆணாயின் தந்தைவழிப் பாட்டன் பாட்டிக்கும், பெண்ணாயின் தாய்வழிப் பாட்டன் பாட்டிக்கும் உரியது. இவ்வாறு தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்த ஒரு சிறுமிதான் 1895இல் பிறந்த மேரி கவேனா புக்குயி. பாட்டி சொன்ன கதைகளும் பாட்டுகளும் பழமொழிகளும் அவர் நெஞ்சில் பதிந்தன. ஹவாய் மொழி பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டிருந்த காலம் அது. வளர்ந்தபின் அவர் அந்தச் செல்வத்தையெல்லாம் எழுதி வைத்தார். 1957இல் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து ஹவாய் மொழி அகராதியை வெளியிட்டார். ஒரு பாட்டியும் ஒரு பேத்தியும் பேசிக்கொண்டிருந்ததால் ஒரு மொழி பிழைத்தது என்றே சொல்லலாம். 1986இல் அவர் மறைந்தார்.

குழந்தைக்கு ஓராண்டு நிறையும்போது உற்றார் உறவினரை அழைத்துப் பெரிய விருந்து வைப்பதும் அங்கு வழக்கம். இதற்கு ஒரு சோகக் காரணமும் உண்டு. 1778இல் கேப்டன் குக்கின் கப்பல் அங்கு சென்றபின், வெளிநாட்டாருடன் புதிய நோய்கள் பல வந்து சேர்ந்தன. தீவு மக்கள் பெருந்தொகையாக மாண்டனர். முதல் ஆண்டைக் கடந்த குழந்தை, நோயை வென்ற குழந்தை. ஆகவே அது பிழைத்திருப்பதே கொண்டாட்டம். ஆணா, பெண்ணா என்று பார்த்து அந்த விருந்து வைக்கப்படுவதில்லை.

ஒன்றாக உண்ணும் இன்பம்

அங்கும் எல்லாம் எப்போதும் நன்றாக இருந்தன என்று எண்ணிவிட வேண்டாம். பழைய ஹவாயில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து உண்ணக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. பன்றி இறைச்சி, தேங்காய், வாழைப்பழத்தில் பெரும்பாலான வகைகள் ஆகியவை பெண்களுக்கு விலக்கு. மீறினால் மரண தண்டனைகூட உண்டு. 1819ஆம் ஆண்டு, காஅஹுமானு என்ற அரசியும், மன்னனின் தாயான கெயோபுவோலானியும் இதற்கு ஒரு முடிவு கட்டத் துணிந்தனர். இளம் மன்னன் லிஹோலிஹோ எல்லோரும் காண எழுந்து சென்று, பெண்களுடன் அமர்ந்து உணவு உண்டான். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுடன் பழைய கட்டுப்பாடு சரிந்தது.

இதைப் படித்தபோது நான் எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியைச் சுரண்டி உண்பவர் யார்? நம் பெரும்பாலான வீடுகளில் தாயும் மூத்த மகளுமே. தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை, பழக்கம்தான். இதை மாற்ற மன்னர் வரவேண்டியதில்லை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தாலே போதும்.

தீவில் ஒரு கன்னியர் இல்லம்

ஹவாய் என்றதும் நம் அருட்சகோதரிகளுக்கு நினைவு வருபவர்கள் மொலக்காயின் புனித தமியானும் புனித மரியன்னை கோப்பும் ஆவர். புனித மரியன்னை கோப் 1838இல் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பிரான்சிஸ்கன் கன்னியர். தொழுநோயாளருக்குத் தொண்டு செய்ய 1883இல் ஆறு சகோதரிகளுடன் ஹவாய் சென்றார். நோயுற்ற பெற்றோரின் நோயற்ற பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ள எவரும் முன்வராதபோது, 1885இல் அவர்களுக்கென்றே ஓர் இல்லம் திறந்தார். 1888இல் மொலக்காய்த் தீவின் கலாவுபாப்பாவுக்குச் சென்று, நோயுற்ற பெண்களையும் சிறுமியரையும் தாயாகக் காத்தார்.

மருந்திடுவதோடு அவர் நின்றுவிடவில்லை. அழகிய துணிகளில் அவர்களுக்கு உடைகள் தைத்தார். பூந்தோட்டம் வைத்தார். பாட்டுக்கும் வழி செய்தார். 1889இல் அங்கு வந்த புகழ்பெற்ற எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் சிறுமியருக்குக் குரோக்கே என்ற பந்தாட்டம் கற்பித்து விளையாடினார். பின்னர் ஒரு பியானோவையும் அனுப்பி வைத்தார். சாகப் போகிறவர்கள் என்று உலகம் ஒதுக்கிய பெண் பிள்ளைகளுக்கும் நல்ல உடையும் பாட்டும் விளையாட்டும் வேண்டும் என்று நினைத்த உள்ளம் எத்தகைய உள்ளம்! 2012ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

சொல்லக் கூசும் ஒரு கணக்கு

இவ்வளவு இனிமைகளைச் சொன்னபின் ஒரு கசப்பான கணக்கையும் சொல்லியாக வேண்டும். 2001ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், தர்மபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேரே இருந்தனர். இயற்கையிலேயே ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறக்கும். ஆயிரம் ஆண்களுக்கு ஏறக்குறைய 950 பெண்கள் பிறப்பது இயல்பு. அப்படியானால் ஒவ்வோர் ஆயிரத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட சிறுமியர் எங்கே போனார்கள்? சிலர் பிறந்த சில நாளில் கொல்லப்பட்டனர். பலர் ஸ்கேன் கருவியால் கண்டறியப்பட்டுக் கருவிலேயே அழிக்கப்பட்டனர்.

காரணம் என்ன? மழையை நம்பிய மேட்டு நிலத்தில் வருமானம் குறைவு. காது குத்து, மஞ்சள் நீராட்டு, திருமணம், தலைப் பிரசவம் என்று மகளுக்குச் செய்யும் சீர் முடிவதே இல்லை. வரதட்சணையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும் அது வேறு வேறு பெயரில் தொடர்ந்தது. மகள் என்றால் பிறர் வீட்டுக்குப் போகிறவள், மகன்தான் கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றுவான் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. கொடுமை செய்தவர்கள் எல்லாம் அரக்கர்கள் அல்லர். மகளால் வரும் செலவை மட்டும் கணக்கிட்டு, மகளால் வரும் மகிழ்ச்சியைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்கள்.

ஆயா சொன்னது

இக்கட்டுரைக்காக ஒருநாள் பூக்கட்டிக்கொண்டிருந்த என் ஆயாவிடம் இதைப்பற்றிக் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் கல்யாணமாகி வந்த புதுசுல எங்க தெருவுல ஒரு வீட்டுல மூணாவதும் பொண்ணு பொறந்துச்சு கண்ணு. ராத்திரி அழுத சத்தம் கேட்டேன். மறுநாள் ராத்திரி சத்தம் இல்ல" என்றார். "நீங்க யாரும் கேக்கலையா ஆயா?" என்றேன். "யாரும் கேக்கல. நானும் கேக்கல" என்றார். கையில் இருந்த பூவைக் கட்டாமல் அப்படியே வைத்துவிட்டார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தாய்க்கு மூன்றாவதும் பெண் பிறந்தபோது, பார்க்க வந்த உறவினர் சிலர் துக்க வீட்டுக்கு வந்தவர் போல நின்றனர். அன்று ஆயா தன் சுருக்குப் பையைப் பிரித்து, ஒரு கிலோ சர்க்கரை வாங்கிவரச் சொல்லி, தெருவில் ஒரு வீடு விடாமல் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. இன்று விளங்குகிறது.

மாற்றம் எப்படி வந்தது?

இந்த அவலம் தானாக மாறவில்லை. 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வளர்க்க இயலாத குழந்தையைக் கொல்லாமல் தொட்டிலில் விட்டுச் சென்றால் அரசு காக்கும் என்பது அதன் நோக்கம். 2001இல் அது தர்மபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பெண் குழந்தையின் பெயரில் அரசு வைப்புத்தொகை செலுத்தும் திட்டமும் வந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இந்துக் குடும்பங்களில் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது. நாடு முழுமைக்கும் அது 2005இல் வந்தது.

நம் மாவட்டத்திற்கே உரிய ஒரு முயற்சியும் உண்டு. 1990களின் இறுதியில், டென்மார்க் நாட்டின் உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின் ஒரு பகுதியாகக் கலைப்பயணம் நடந்தது. நாடகக் குழுவினர் ஊர் ஊராகச் சென்று தெருவில் ஆடியும் பாடியும் பெண் சிசுக்கொலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசினர். அதுவரை வீட்டுக்குள் மறைந்திருந்த பேச்சு ஊர் மந்தைக்கு வந்தது. யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டது அந்தப் பயணம்.

இவற்றின் பயனாக, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 826 என்பது 913 ஆக உயர்ந்தது. ஆனால் அந்த ஆண்டு மாநிலச் சராசரி 943. நாம் அதையும் எட்டவில்லை. சட்டத்திற்கு மறைவாக ஸ்கேன் செய்து சிலர் கைதான செய்திகள் அதற்குப் பின்னரும் நம் மாவட்டத்திலிருந்து செய்தித்தாள்களில் வந்திருக்கின்றன. ஆகவே வேலை முடிந்துவிடவில்லை. தொட்டில் திட்டம் உயிரைக் காத்தது உண்மையே. ஆயினும் எந்தக் குழந்தைக்கும் தன் வீட்டு உத்திரத்தில் தாயின் சேலையில் கட்டிய தொட்டிலே சிறந்த தொட்டில்.

முடிவுரை

நன்னெறி வகுப்பில் யாயிரின் மகள் கதையைக் கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு வயது மகள் இறந்துவிட்டாள் என்று வீடே அழுதபோது, இயேசு பெருமான் அவள் கையைப் பிடித்து எழுப்பினார். எழுப்பியவுடன் அவர் சொன்னது, அவளுக்கு உண்ண ஏதாவது கொடுங்கள் என்பதே. எவ்வளவு பெரிய புதுமைக்குப் பின் எவ்வளவு எளிய சொல்! மகளைக் காப்பது என்பது உயிரைக் காப்பதோடு முடிவதில்லை. அவளுக்கு உணவும், படிப்பும், விளையாட நேரமும், நம்மோடு அமர ஓர் இடமும் தருவதே முழுமையான காத்தல்.

தோழியரே, நாம் செய்யக் கூடியவை சிலவற்றைக் கூறி முடிக்கிறேன். தெருவில் பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு முதல் ஆளாகச் சென்று வாழ்த்துவோம். தம்பி தங்கையருக்கு ஒரே அளவில் பரிமாறுவோம். தங்கையின் படிப்பை நிறுத்தப் பார்த்தால் ஆசிரியரிடம் சொல்வோம். அண்டை வீட்டில் அழுகுரல் நின்றுவிட்டால், ஏன் என்று கேட்போம்.

பெற்றோரே, மாலையில் உங்கள் மகள் புரியாத கதை ஒன்றை இழுத்து இழுத்துச் சொல்ல வந்தால், ஐந்து நிமிடம் காது கொடுங்கள். தகடூர் மன்னனுக்கு ஔவையார் சொன்ன இன்பம் அதுதான்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே கடைக்குட்டி வந்து என் காகிதத்தின் ஓரத்தில் ஒரு கோலம் போட்டுவிட்டாள். நான் அதை அழிக்கவில்லை. நம் மாவட்டத்தின் ஒவ்வொரு வீட்டிலும் மகள் சிரிக்கும் ஒலி கேட்க இறைவன் அருள்புரிவாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி, காரிமங்கலம்